கிழக்கால

எங்கள் ஊரில் கடல் கிழக்கே இருக்கிறது. இதெல்லாம் ஒரு சேதியா என்று கேட்பீர்கள். மரக்காணத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது சேதி இல்லை, திசையே அதுதான். உப்பளத்தில் ஒருவரைப் பார்த்து "கிழக்கால தள்ளு" என்றால் கடல் பக்கம் தள்ளு என்று பொருள். "மேக்கால வா" என்றால் கழுவேலி ஏரிப் பக்கம் வா. வீட்டுக்குள்ளும் இதே கதைதான். பீரோவைக் கொஞ்சம் கிழக்கால நகர்த்து, பாயை மேற்கால இழுத்துப் போடு. இடது வலது எல்லாம் பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்காகப் படித்தது, வெளியே வந்ததும் மறந்துபோனது. சூரியன் எந்தப் பக்கம் முளைக்கிறது என்று பார்த்து இங்கே யாரும் திசை சொல்வதில்லை. கடல் எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் சொல்கிறோம். இரண்டும் ஒரே பக்கமாக இருப்பதால் வித்தியாசம் தெரியாமலே ஆயுசு ஓடிவிடுகிறது.

எனக்கும் அப்படியே ஓடியிருக்கும். ஒரு விபத்து நடந்து, என் புருஷன் ஒரு பக்கமும் என் தம்பி ஒரு பக்கமுமாக நின்றபோதுதான் இந்தச் சொல் என் தொண்டையில் மீன் முள்ளாக மாட்டிக்கொண்டது.

நான் ரோட்டோரம் ஒரு எடைமேடையில் வேலை செய்கிறேன். உப்பு லாரி காலியாக வரும்போது ஒரு எடை, லோடு ஏற்றி வரும்போது ஒரு எடை, சீட்டு கிழித்துக் கொடுத்தால் என் வேலை முடிந்தது. டிரைவர்களோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி என் வாய் நீண்டுபோய்விட்டது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அப்படியெல்லாம் இல்லை. வாய் முதலிலிருந்தே நீளம்தான், அதற்குத் தோதாக வேலை அமைந்தது.

அவர் வளைகுடாவில் ஒரு பெரிய துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். கிரேன் என்றதும் பாலம் கட்டுகிற இடத்தில் நிற்குமே, அதை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது கப்பலை ஒட்டித் தண்டவாளத்தின்மேல் நிற்கும் இரும்பு மலை. உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் உட்கார்ந்து, காலுக்கடியில் இருக்கும் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தபடி, கன்டெய்னர் பெட்டிகளைக் கவ்வித் தூக்கிக் கரைக்கும் கப்பலுக்குமாகக் கொண்டுபோக வேண்டும். பெட்டியோடு சேர்ந்து கூண்டும் முன்னும் பின்னும் ஓடும். முதல் தடவை ஏறியபோது வாந்தி எடுத்துவிட்டேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஷிஃப்ட் முழுக்கக் குனிந்தே பார்த்துக் கழுத்து தேய்ந்துவிட்டது. லீவில் வந்தால் சாப்பிடும்போதுகூடத் தட்டைத்தான் பார்ப்பார், எதிரில் நான் ஒருத்தி உட்கார்ந்திருப்பது தெரியாது. அதற்கும் சண்டை போடுவேன்.

அந்தக் கூண்டுக்குள் அவர் சுலபமாகப் போய் உட்கார்ந்துவிடவில்லை. முதலில் கப்பல் தட்டில் பெட்டிகளைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுகிற வேலைக்குத்தான் போனார். வெயிலில் இரும்பு சுடும், கையுறை ஓட்டையாகிவிடும். அதற்கு நடுவே படித்து, கொச்சியில் ட்ரெயினிங் எடுத்து, மறுபடி போய், பரீட்சை எழுதி, வருஷக்கணக்கில் ஆகித்தான் லைசென்ஸ் வந்தது. அந்த அட்டையை அவர் போட்டோ எடுத்து அனுப்பிய அன்று எடைமேடைக்கு வந்த எல்லா டிரைவருக்கும் நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

என் தம்பியை அங்கே கூட்டிப்போனதும் அவர்தான். நான் சொல்லி, சொல்லி என்ன சொல்லி, நச்சரித்துக் கூட்டிப்போக வைத்தேன். அம்மா அப்பா இருவரும் போய்ச்சேர்ந்த பிறகு அவனுக்கு நான்தான் எல்லாம். குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுசில் கொஞ்ச நாள், பாண்டியில் ஒரு கடையில் கொஞ்ச நாள் என்று எதிலும் கால் தரிக்காமல் சுற்றிக்கொண்டிருந்தவன், அங்கே போய் அடங்கிவிட்டான். ஒரு கான்ட்ராக்டர் கம்பெனியில் சிக்னல்மேன் வேலை. கப்பல் தட்டில் பெட்டிகள் அடுக்கடுக்காக நிற்கும். அவற்றுக்கு நடுவே ஆபரேட்டரின் கண்ணுக்குத் தெரியாத மூலைகள் உண்டு. அங்கே நின்றுகொண்டு வாக்கி டாக்கியில் வழி சொல்ல வேண்டும். கடல் பக்கம் என்றால் சீ சைடு, கரைப் பக்கம் என்றால் லேண்ட் சைடு. இங்கிலீஷைத் தவிர வாக்கியில் வேறு பாஷை வாயில் வரக்கூடாது. அது அங்கே கண்டிப்பான ரூல்.

மாமன் மேலே கூண்டில், மச்சான் கீழே தட்டில். இரண்டு பேரும் ஒரே ரூமில் சமைத்துச் சாப்பிட்டார்கள். அந்த வருஷம் மாதிரி நான் நிம்மதியாகத் தூங்கிய வருஷம் இல்லை.

ஒரு நாள் அவர் வேலை நேரத்தில் போன் செய்தார். வேலை நேரத்தில் அவர் போனைத் தொடவே மாட்டார். "ஒரு ஆளுக்கு அடிபட்டுடுச்சி. உசுரு இருக்குது" என்றார். போனை வைத்துவிட்டார்.

துண்டு துண்டாகத்தான் விஷயம் தெரிந்தது. முந்தின நாள் சாயங்காலம் அடுக்குகளுக்கு நடுவே ஒரு பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தபோது, என் தம்பி வாக்கியில் ஏதோ கத்தியிருக்கிறான். இவர் பெட்டியைக் கடல் பக்கம் நகர்த்தியிருக்கிறார். அங்கே கம்பி கட்டுகிற ஆள் ஒருவர் நின்றிருக்கிறார், பீகார்க்காரர். தொங்கிக்கொண்டிருந்த பெட்டி அவரை அடுக்கோடு வைத்து நசுக்கிவிட்டது. இடுப்பெலும்பும் ஒரு காலும் நொறுங்கிவிட்டன. அந்த ஊரில் ஆள் அடிபட்டால் போலீஸ் கேஸ். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, விசாரணை முடிகிறவரை கிரேன் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆபரேட்டர் தப்பு என்று முடிவானால் லைசென்ஸ் போகும், ஜெயிலும் உண்டு, அப்புறம் எந்தத் துறைமுகமும் அவரை உள்ளே விடாது.

"நான்தான் தப்பா நகர்த்திட்டேன்" என்றார். கேட்டுக்கொண்டு அழுதேன். வேறு என்ன செய்வது.

சில நாளில் தம்பி ஊருக்கு வந்து இறங்கினான். விசாரணையில் முதல் ஸ்டேட்மெண்ட் கொடுத்ததும் கான்ட்ராக்டர் டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டானாம். அவனுக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று கட்டிப்பிடித்து அழுதேன். மீன் வாங்கி வந்து குழம்பு வைத்தேன். சாப்பிட்டு முடித்து, கை கழுவிக்கொண்டு, அவனாகவே ஆரம்பித்தான். "நான் கரெக்டாத்தான் அக்கா சொன்னேன். அந்த ஆளு கடல் பக்கம் நிக்கிறத பாத்துட்டு, மாமா கிழக்கால, கிழக்காலன்னு கத்தினேன். அவரு கடல் பக்கமே தள்ளிட்டாரு."

அவசரத்தில் இங்கிலீஷ் வரவில்லை, தமிழ் வந்துவிட்டது. அது சரி. ஆனால் என் காதில் வேறொன்று விழுந்தது.

"கிழக்காலன்னா கடல் பக்கந்தானேடா?"

அவன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தான். "அங்க கடல் மேற்க இருக்குது. கிழக்குன்னா கிழக்குதான், கரைப் பக்கம். ஸ்கூல்ல படிக்கல நீ?"

அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்குச் சுருக்கென்றது. இவனை ஸ்கூலுக்கு இழுத்துக்கொண்டு போனதே நான்.

அவன் போனதும் அவருக்குப் போன் செய்தேன். தம்பி என்ன சொல்லிக் கத்தினான் என்று மட்டும் கேட்டேன். கிழக்கால என்றான் என்றார். நீங்கள் என்ன நினைத்துக் கடல் பக்கம் நகர்த்தினீர்கள் என்றேன்.

"நம்ம ஊரு ஆளு கிழக்காலன்னா வேற எந்தப் பக்கம் போவாங்க?" என்றார்.

எனக்கு அப்போதே சந்தேகம் தீர்ந்தது. கொச்சியில் ட்ரெயினிங் எடுத்த காலத்தில் இதே மனுஷன், பீச்சுக்குப் போக வழி கேட்கிறேன் என்று "கிழக்கால போற பஸ் எது" என்று கேட்டு ஏறி, ரப்பர் தோட்டத்தில் போய் இறங்கியவர். அந்தக் கதையைச் சொல்லி நாங்கள் எத்தனை தடவை சிரித்திருக்கிறோம். வளைகுடாவில் சூரியன் கடலுக்குள் இறங்குகிற போட்டோவை அனுப்பியபோதுகூட நான் அதை விடிகாலை என்றுதான் நினைத்தேன். எங்கள் எல்லோருக்கும் மண்டையில் இப்படித்தான் ஏறியிருக்கிறது. ஊரை விட்டுப் போனாலும் கடலைக் கண்டால் அது கிழக்கு.

அப்புறம்தான் நடந்ததை முழுசாகச் சொன்னார். தட்டில் அன்று இரண்டு பேர் வரக்கூடாத இடத்துக்கு வந்திருக்கிறார்கள். ஒருவன் கரைப் பக்கம், எதையோ விட்டுவிட்டேன் என்று எடுக்க வந்தவன். அவனைத்தான் தம்பி பார்த்தான். பார்த்துவிட்டு, பெட்டியை அவனிடமிருந்து விலக்கக் கடல் பக்கம் தள்ளச் சொன்னான். கடல் பக்க அடுக்குக்குப் பின்னால் பீகார்க்காரர் இருந்ததை அவன் பார்க்கவில்லை. கரைப் பக்கம் இருந்தவன் சத்தம் கேட்டதும் ஓடியே போய்விட்டான், இன்றுவரை நான்தான் என்று எவனும் முன்னால் வரவில்லை. அன்று ராத்திரி ரூமில் தம்பி இதையெல்லாம் சொல்லி அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதானாம். மறுநாள் கான்ட்ராக்டர் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியிருக்கிறான். தம்பி விசாரணையில் போய்க் கிழக்கு என்றால் கிழக்குதான் என்று சொல்லிவிட்டான்.

"அத நீங்க சொல்ல வேண்டியதுதானே?" என்று எரிந்து விழுந்தேன்.

"சொன்னேன். ஒருவாட்டி சொன்னேன். விசாரிக்கிற அந்த சேப்டி ஆபீசரு கோயம்புத்தூர்க்காரரு, நம்ம தமிழ்தான். கிழக்குன்னா கடல்னு எந்த ஊர்லய்யா சொல்றாங்கன்னு கேக்கறாரு. மச்சான் பக்கத்துலயே நின்னு தலைய குனிஞ்சிக்கினு இருக்கான். நான் இன்னா பண்றது?" பெருமூச்சு விட்டார். "நீ வாய வுடாத. அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகல, ஒண்ணும் ஆகல. நான்தான் அவனைக் கூட்டியாந்தேன். எனக்கு வந்தத நான் பாத்துக்கிறேன்."

வாயை விட மாட்டேன் என்று சொல்லவைத்துவிட்டுத்தான் போனை வைத்தார்.

எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று பூரித்துப்போனேன் என்று எழுதினால் அது பொய். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. தியாகம் செய்கிறவர் ரூமில் படுத்துக்கொண்டு செய்துவிடலாம். இங்கே தினமும் சோறு இறங்காமல் கிடப்பது நான்.

விசாரணை அதிகாரியிடம்தான் வாயைத் திறக்கக்கூடாது. தம்பியிடம் திறக்கலாமே. திறந்தேன். அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன், டீக்கடையில் நிறுத்திச் சொன்னேன், பைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். முதலில் கோபப்பட்டான். அப்புறம் கெஞ்சினான். விசாரணை இப்படியே முடிந்தால் வேறொரு துறைமுகத்தில் வேலை போட்டுத் தருவதாக கான்ட்ராக்டர் சொல்லியிருக்கிறான். மாற்றிச் சொன்னால் தப்பு அவன் தலையில் விழும், வளைகுடாப் பக்கமே தலைவைத்துப் படுக்க முடியாது.

"மாமாவுக்குப் பெரிய கம்பெனி இருக்குது, வக்கீல் இருக்கான், பேச ஆள் இருக்குது. எனக்கு யார் இருக்காங்க, சொல்லு" என்றான் ஒரு நாள்.

"நான் இல்லையாடா?"

"நீ அவரு பொண்டாட்டி."

சட்டென்று பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்று எடைமேடையில் ஒரு டிரைவரை அநியாயத்துக்குத் திட்டித் தீர்த்தேன்.

இப்படியிருக்கும்போது சேப்டி ஆபீசரிடமிருந்து தம்பிக்கு மெசேஜ் வந்தது. கடைசியாக ஒரு தடவை வீடியோவில் பேசி ஸ்டேட்மெண்டை உறுதி செய்துகொண்டு ரிப்போர்ட்டை முடித்துவிடப் போகிறாராம். தம்பி வீட்டில் சிக்னல் வந்து வந்து போகும். என் எடைமேடை ரூமில் கம்ப்யூட்டர் இருக்கிறது, கேமரா இருக்கிறது, லைன் அறுபடாது. "அக்கா, உன் ஆபீஸ்ல உக்காந்து பேசிக்கவா?" என்று அவனே வந்து கேட்டான். மாமா என் வாயைக் கட்டிப்போட்டிருப்பது அவனுக்குத் தெரியும். அந்தத் தைரியம்தான்.

சரி என்றேன். என் எதிரில் உட்கார்ந்து பொய் சொல்ல இவனுக்கு நாக்கு வராது என்று ஒரு நப்பாசை.

உச்சி வெயில் நேரம். வெளியே லோடு லாரி ஒன்று மேடைமேல் ஏறி நின்றிருந்தது. பின்னால் இன்னும் இரண்டு. கம்ப்யூட்டரில் தம்பி உட்கார்ந்துவிட்டதால் என்னால் எடை போட முடியாது. கொஞ்சம் பொறுங்கப்பா என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, கேமராவில் படாமல் சுவரோரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். தம்பி சலவைச் சட்டை போட்டுத் தலையைப் படிய வாரியிருந்தான். அதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

ஆபீசர் திரையில் வந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். சாப்பிட்டாயா, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டுவிட்டு, முதலில் கொடுத்த ஸ்டேட்மெண்டை வாசித்தார். ஒவ்வொரு வரிக்கும் ஆமாம் சார், ஆமாம் சார் என்றான். கிழக்கு என்று சொன்னது கரைப் பக்கத்தைத்தானே என்று கேட்டார். "கிழக்குன்னா கிழக்குதான் சார்" என்றான். நாக்கு வந்தது. தடுக்கக்கூட இல்லை. நான் என் முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தேன்.

வெளியே ஹாரன் அடித்தார்கள்.

கடைசியாக ஒரு சந்தேகம் என்றார் ஆபீசர். அந்த ஆள் நசுங்குகிற தூரத்துக்கு வருகிறவரை ஏன் கவனிக்கவில்லை, கொஞ்சம் முன்னாடியே பார்த்து நிறுத்தியிருக்கலாமே என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு கான்ட்ராக்டர் அவனைத் தயார் செய்து அனுப்பவில்லை போலிருக்கிறது. தம்பி எச்சிலை விழுங்கினான். அப்புறம் மனசுக்குள் அந்தத் தட்டில் போய் நின்றுகொண்டவன் மாதிரி, கையை நீட்டிக் காட்டி, மளமளவென்று சொல்ல ஆரம்பித்தான்.

"கண்ணு கூசிச்சி சார். நான் கிழக்கால பாத்துக்கினு நிக்கிறேன், சாயங்கால வெயிலு நேரா மூஞ்சில அடிக்குது. கைய வச்சி மறைச்சிக்கினு பாக்கறேன், ஒண்ணும் தெரியல சார்."

கையில் சுற்றியிருந்த முந்தானையை விட்டுவிட்டேன்.

ஆபீசர் "வெயில் கண்ணுல பட்டுருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டைப் அடித்தார். அவருக்கு அது உறைக்கவில்லை. தம்பிக்கும் தெரியவில்லை, தான் என்ன சொன்னோம் என்று. தெரிந்தது எனக்கு மட்டும்தான். சாயங்காலம், கிழக்கே பார்த்து நின்றவன் மூஞ்சியில் எங்கேயிருந்து வெயில் அடிக்கும்? அவன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். கடலைத்தான் கிழக்கு என்கிறான், இந்த நிமிஷம்கூட.

சரிப்பா, இதோடு முடித்துக்கொள்ளலாம் என்றார் ஆபீசர். தம்பியின் தோள் தளர்ந்தது. சின்ன வயதில் காய்ச்சல் விட்டதும் அப்படித்தான் தளர்ந்து என்மேல் சாய்வான். நான் பேசாமல் இருந்துவிட்டால் அவன் பிழைத்துப் போவான். பேசாமல் இருக்கிறேன் என்று புருஷனிடம் சொல்லியும் இருக்கிறேன். ஒரு நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டால் போதும், அந்தத் திரை அணைந்துவிடும். அணைந்தால் அந்த மனுஷன் இனி மேலே ஏற மாட்டார். செய்யாத தப்புக்கு ஜெயிலில் உட்கார்ந்துகொண்டு, அங்கேயும் தட்டைப் பார்த்துக் குனிந்து சாப்பிடுவார்.

எழுந்தேன். ஸ்டூல் விழுந்தது.

"சார், ஒரு நிமிஷம். சாயங்காலம் கிழக்க பாத்து நின்னா வெயில் எப்படி சார் மூஞ்சில அடிக்கும்?"

தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். யார் நீங்கள் என்று ஆபீசர் கேட்டார். ஆபரேட்டர் மனைவி என்றேன். அப்படியானால் இந்த விசாரணையில் நீங்கள் இருக்கவே கூடாதே அம்மா என்றார், கறாராக. தெரியும் சார், போய்விடுகிறேன், நான் கேட்டதை மட்டும் அவனிடம் கேளுங்கள் என்றேன். அவர் கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு டைப் அடித்ததைத் திரும்ப ஒரு தடவை பார்த்தார். அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"தம்பி, அன்னைக்கு நீ கடலப் பாத்து நின்னியா, கரையப் பாத்து நின்னியா?"

ஹாரன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. லாரிக்காரனை எழுந்துபோய் அறையலாம் போலிருந்தது. தம்பி என்னையும் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். கரையைப் பார்த்து நின்றேன், வெயில் கண்ணாடியில் பட்டுத் திரும்பி அடித்தது என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அவன் கெட்டவன் இல்லை. அதனால்தான் அவனுக்கு வரவில்லை.

"கடல சார்" என்றான்.

"அப்ப கிழக்காலன்னு நீ வாக்கியில சொன்னது?"

"கடல் பக்கம் சார். மாமா நான் சொன்ன பக்கந்தான் தள்ளினாரு." அதற்குமேல் அடக்க முடியவில்லை, குரல் உடைந்துவிட்டது. "ரெண்டாவது ஆள நான் பாக்கல சார். சத்தியமா பாக்கல."

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். தான் கடலையே வேலைக்கு வந்த பிறகுதான் பார்த்ததாகவும், ஆபரேட்டர் சொன்னபோது சமாளிக்கிறார் என்று நினைத்துவிட்டதாகவும் சொன்னார். எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி எழுத வேண்டும் என்று என்னை வெளியே போகச் சொன்னார். போனேன். வெயிலில் நின்றேன். லாரிக்காரர்கள் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு ஹாரனை நிறுத்திக்கொண்டார்கள்.

வெகு நேரம் கழித்துத் தம்பி வெளியே வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன், தள்ளிவிடுவான் என்றுகூட நினைத்தேன். என்னைத் தாண்டிப் போய் பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டான். டேய் என்று கூப்பிட்டேன், காதில் விழுந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

விசாரணை முடிவு வர நாளானது. வாக்கியில் தமிழ் பேச விட்டதற்காக அவருக்கு எழுத்தில் வார்னிங் கொடுத்தார்கள், மற்றபடி அவர்மேல் தப்பில்லை என்று போலீஸ் கேசிலிருந்தும் பெயரை எடுத்துவிட்டார்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்தது. கிரேன் ஏறாமல் இருந்த அத்தனை நாளும் அவர் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பீகார்க்காரருக்கு ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். அந்த ஆள் கோல் ஊன்றி நடக்கத் தொடங்கி ஊருக்குப் போய்விட்டாராம். தம்பி பெயர் ரிப்போர்ட்டில் ஏறியது. கான்ட்ராக்டர் அவன் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான். இப்போது அவன் உப்பு மூட்டை ஏற்றுகிற வேலைக்குப் போகிறான். வேறு எடைமேடைக்குப் போகிற லாரியாகப் பார்த்து ஏறிக்கொள்கிறான்.

அவர் மறுபடி கூண்டுக்குள் ஏறிய அன்று போன் செய்தார். மேலே காற்று எப்படி இருந்தது, முதல் பெட்டியை எப்படித் தூக்கினேன் என்றெல்லாம் சொன்னார். நான் சிரித்தேன், அழுதேன், இரண்டையும் சேர்த்துச் செய்தேன். அப்புறம் கேட்டார், மெதுவாக, கோபமில்லாமல். "ஏன் சொன்ன? நான்தான் வேணான்னு சொல்லியிருந்தேனே."

"எனக்கு நீங்க வேணும், அதான் சொன்னேன்" என்றேன். "என் தம்பியும் வேணும். ரெண்டு பேரும் எனக்கு வேணும்னா, உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் நேரத்தோட உண்மைய சொல்லியிருக்கணும். நீங்க ஆளுக்கு ஒரு பக்கம் வாய மூடிக்கினா நான் இன்னா பண்ணுவேன்?"

பிறகு, "மச்சான் சாப்பிடறானா இல்லையான்னு போய்ப் பாரு" என்றார்.

மறுநாள் நண்டு வாங்கிக் குழம்பு வைத்து, சோறும் அதுவுமாக எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. லுங்கியோடு கட்டிலில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மூட்டை தூக்கித் தூக்கி உள்ளங்கை வெடித்திருந்தது. உப்பு வேலை செய்கிற கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. "நண்டுக் குழம்பு கொண்டாந்தேன்டா, உனக்குப் புடிக்குமேன்னு" என்றேன்.

தலையைத் தூக்கிப் பார்த்தான். அந்த முகத்தில் கோபம்கூட இல்லை. மூலையில் இருந்த ஸ்டூலைக் கையால் காட்டினான்.

"அங்க வச்சிட்டுப் போங்க" என்றான்.

போங்க. எங்கள் பக்கத்தில் அது மரியாதை. எடைமேடையில் எல்லா டிரைவரும் என்னிடம் அப்படித்தான் பேசுவார்கள், பேங்கில் நான் அப்படித்தான் பேசுவேன். பேச்சு வந்த நாளிலிருந்து என் தம்பி என்னை நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். சண்டையில் அதைவிட மோசமாகவும் கூப்பிட்டிருக்கிறான். மரியாதை மட்டும் கொடுத்ததே இல்லை.

ஸ்டூலில் பாத்திரத்தை வைத்தேன். மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.